கைபேசி உட்கார வைக்கிறது, எழுப்பவும் வைக்குமா?

(நம் அறக்கட்டளையின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பிள்ளைகளின் கைபேசி விளையாட்டைப் பற்றிப் பேச்சு என்றதும், திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். திட்டி யாரும் கைபேசியைக் கீழே வைத்ததில்லை. இன்று வேறொரு கேள்வியைக் கேட்போம்: திரையில் ஆடும் விளையாட்டைக் கொண்டே பிள்ளைகளின் உடம்பை அசைக்க முடியுமா?

முதலில் நம் நிலைமை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் எங்கும் தாயும் தந்தையும் ஷூ கம்பெனிக்கோ டேனரிக்கோ போகும் வீடுகள் நிறைய. பள்ளி முடிந்து, மக்தபும் முடிந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் துணை பாட்டியும் கைபேசியும்தான். தெருவோ குறுகல், போதாததற்கு பைக்குகள். கோடையில் நம் வெயில் ஊரறிந்தது. பையன்களாவது பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதோடு ஓடியாடுவது நின்றே போகிறது.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11 முதல் 17 வயதில் ஐந்தில் நான்கு பேர் அந்த அளவை எட்டுவதில்லை என்று 2019இல் அது சொன்னது. பெண் பிள்ளைகளில் எட்டாதவர்கள் 100க்கு 85 பேர். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. நம் உறவில் சர்க்கரை மாத்திரை இல்லாத வீடு எத்தனை? எண்ணிப் பாருங்கள். நாற்பது வயதில் வரும் நோய்க்குச் சிறு வயதிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வழி செய்து கொடுக்கிறோம்.

இனி விளையாட்டுக்கு வருவோம். கட்டைவிரல் மட்டும் வேலை செய்யும் விளையாட்டு ஒரு வகை. பிள்ளை டிவி முன் எழுந்து நின்று, கையை வீசி, குதித்து ஆடினால்தான் நகரும் விளையாட்டு இன்னொரு வகை. நிண்டெண்டோவின் வீ 2006இல் வந்தது. மைக்ரோசாஃப்டின் கினெக்ட் 2010இல் வந்தது. டென்னிஸ், குத்துச்சண்டை, ஓட்டம் எல்லாம் அதில் உண்டு. பாட்டும் நடனமும் வேண்டாம் என்பவர்களுக்கும் இவற்றில் இடம் இருக்கிறது. ஒழுங்காக ஆடினால் வேகமாக நடந்த அளவுக்கு உடம்புக்கு வேலை கிடைக்கும்.

அப்படியானால் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் போதுமா? அமெரிக்காவில் ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் வீடுகளுக்கு வீ கருவியைக் கொடுத்தார்கள். சிலருக்கு எழுந்து ஆடும் விளையாட்டு, சிலருக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. சுமார் மூன்று மாதம், பிள்ளைகளின் அசைவை அளக்கும் கருவியை இடையில் கட்டிப் பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு: இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. கருவி வீட்டுக்கு வந்ததே தவிர, பிள்ளைகளின் அசைவு கூடவில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்றொரு சிறு கருவியை உருவாக்கியிருக்கின்றன. பக்கவாதம் போன்றவற்றால் கை விழுந்தவர்களுக்கானது. நோயாளி மணிக்கட்டையோ விரல்களையோ அசைக்க, திரையில் விளையாட்டு நகரும். ஒரே அசைவை நூறு முறை செய்யச் சொன்னால் யாருக்கும் சலிக்கும். விளையாட்டாகச் செய்தால் இன்னும் பத்து முறை செய்யத் தோன்றும். எந்த அசைவு, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவர் சிகிச்சையாளர். முன்னேற்றம் அளக்கப்படுகிறது.

அங்கே கருவியின் பின்னால் ஒரு பெரியவர் இருக்கிறார். ஹூஸ்டன் வீடுகளில் கருவி மட்டும் போய்ச் சேர்ந்தது. நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்: விளையாட்டு பிள்ளையை எழுப்பும், எழுந்த பிள்ளையை நிற்க வைக்கக் கூட ஒருவர் வேண்டும்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: விலை உயர்ந்த கருவிக்குக் கடன் வாங்காதீர்கள். பெரும்பாலான கைபேசிகளில் நடக்கும் அடிகளை எண்ணும் வசதி உண்டு. கைபேசி பையில் இருக்கட்டும், பிள்ளை மாடியிலோ தெருவிலோ நடக்கட்டும். இரவு யார் அதிக அடி என்று வீட்டோடு போட்டி வையுங்கள். நோட்டில் எழுதுங்கள். அதுவும் ஒரு விளையாட்டுதான்.

இரண்டு: வாரம் இரண்டு நாளாவது நீங்களும் சேர்ந்து ஆடுங்கள். கம்பெனியில் பகலெல்லாம் நின்று களைத்து வருகிறீர்கள், அறிவோம். பதினைந்து நிமிடம் போதும். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். வீட்டாரோடு ஓடியாடுவது நமக்குக் குறைச்சல் அன்று.

மூன்றாவது ஜமாஅத் பெரியவர்களுக்கு: கல்யாணம் இல்லாத நாள்களில் நம் ஷாதி மஹால்கள் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் அதைத் திறந்து விடுங்கள். தாய்மார்கள் இருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு டிவி, எழுந்து ஆடும் ஒரு கருவி, கூடவே ஸ்கிப்பிங் கயிறும் ஷட்டில் மட்டையும் இருந்தால் போதும். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாதது மஹல்லாவுக்குக் கட்டுப்படியாகும். திரைக்காக வரும் பிள்ளை, சில வாரத்தில் திரையை மறந்து கயிற்றோடு நின்றால் இன்னும் நல்லது.

பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள் இதில் சேராது. அந்தப் பக்கம் பிள்ளைகளைத் தலைகாட்டவே விடாதீர்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான நீண்ட ஆயுளை அல்லாஹ் தருவானாக! ஆமீன்.