தெருக்குரல் தந்த இளைஞர்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு ‘கல்வியும் முன்னேற்றமும்’ என்பது. இத்தலைப்பில் நான் பலமுறை பேசிவிட்டேன்; நீங்களும் பொறுமையோடு பலமுறை கேட்டுவிட்டீர்கள். ஆகவே குழுவினரின் இசைவோடு இன்று ஒரு பாடகரைப் பற்றிப் பேச விழைகிறேன். தலைமையாசிரியருக்கும் பாட்டுக்கும் என்ன உறவு என்று பின்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. அவர்கள் புன்னகைப்பதற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஆவடி நிலையத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினால் பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர், திருவாலங்காடு எனக் கடந்து அரக்கோணம் சேரலாம். அவ்வூரில் பிறந்தவர் அறிவரசு கலைநேசன். இன்று உலகம் ‘அறிவு’ என்று அழைக்கும் பாடகர். அவருடைய பெற்றோர் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றியவர்கள். 1990களின் தொடக்கத்தில் இரவு நேரங்களில் தெருவிளக்கின் கீழ் முதியோருக்கு எழுத்தறிவித்த அவ்வியக்கத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதில் எழுத்துக்கு முன்னே பாட்டு சென்றது. பாட்டைக் கேட்டுக் கூடியவர்களே பின்னர்ப் பலகையைப் பிடித்தார்கள். அத்தகைய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல்லும் தாளமும் சேர்ந்தே வாய்த்ததில் வியப்பில்லை. அவர் பொறியியல் படித்தார். இதனைப் பெற்றோர்கள் குறித்துக்கொள்க: பாட்டுக்காக அவர் படிப்பைக் கைவிட்டவர் அல்லர்.

அவர் மேடைக்கு வந்த வழி நம் பகுதியின் வழியே வந்தது என்று சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. ‘அட்டகத்தி’, ‘மெட்ராஸ்’, ‘கபாலி’ முதலிய படங்களை இயக்கிய பா. இரஞ்சித் அவர்கள் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்துக்காரர். அவருடைய நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மா அவர்களும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழுவை உருவாக்கினர். 2018ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அதன் முதல் அரங்கேற்றம் நடந்தது. வடசென்னைக் கானாப் பாடகர்களும், ராப் பாடும் இளைஞர்களும், பறையும் சட்டியும் கிட்டாரும் ஒரே மேடையில் நின்ற நாள் அது. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டிறைச்சியைப் பற்றியும் அக்குழு கூசாமல் பாடியது. கானா ஆண்களுக்கே உரியது என்றிருந்த நிலையில் இசைவாணி அவர்கள் அம்மேடையில் பாடினார். 2020இல் பிபிசி நிறுவனம் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது.

குழுவின் பெயர் ஆங்கிலமாயினும் பொருள் நம்முடையதே. ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை 1907இல் தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர், நம் முன்னோரைச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ எனப் பதிய வேண்டும் என்று அன்றே வாதாடியவர். அச்சொல்லே நூறாண்டு கழித்து ஓர் இசைக்குழுவின் பெயராயிற்று. அந்தக் குழுவில் பாடியவர்களுள் அறிவும் ஒருவர்.

அதன்பின் 2019இல் அறிவு அவர்கள் ‘ஆஃப்ரோ’ என்னும் இசைக்கலைஞரோடு சேர்ந்து ‘தெருக்குரல்’ என்ற தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பெயரைக் கவனியுங்கள். திருக்குறளை நாற்பது மதிப்பெண்ணுக்காக மட்டும் மனப்பாடம் செய்வித்த என் போன்ற ஆசிரியர்களுக்கு அந்தப் பெயரே ஒரு குட்டு. தூத்துக்குடியில் 2018 மே 22ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த ஸ்நோலின் என்ற பெண்ணின் பெயரில் அதில் ஒரு பாட்டு உண்டு. நாளிதழில் ஒருநாள் படித்து மறுநாள் நாம் மறந்துவிட்ட பெயரை அவர் பாட்டில் நிறுத்திவிட்டார்.

இத்தொகுப்பு எவ்வாறு உருவாகிறது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். நம் நாட்டில் பாட்டு என்றால் திரைப்பாட்டு என்றே பழகிவிட்டோம். ஒலிநாடாக் காலத்தில் திரையல்லாத பாட்டென்றால் பெரும்பாலும் பக்திப்பாட்டே கடையில் கிடைக்கும். திரைப்படத்தில் கதை ஒருவருடையது, காட்சி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது. அம்மெட்டுக்குள் சொல்லைப் பொருத்துவதே பாடலாசிரியரின் பணி. தனியிசையில் இந்த வரிசை தலைகீழாகிறது. சொல்ல வேண்டிய செய்தி முதலில் நிற்கிறது. தாளம் அதற்குத் துணையாக வருகிறது. ஒரு கணிப்பொறி, ஓர் ஒலிவாங்கி, சத்தம் புகாத ஓர் அறை, ஒத்த மனமுடைய ஒரு தோழர் ஆகியன இருந்தால் போதும், இணையத்தில் வெளியிடலாம். முதலாளி யாருடைய வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. ஆனால் அதில் வருவாயும் உடனே இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிவு அவர்களும் ‘காலா’வில் பாட்டெழுதினார், ‘மாஸ்டர்’ படத்தில் ‘வாத்தி ரெய்டு’ எழுதிப் பாடினார். (வாத்தி என்ற சொல்லை நான் விரும்புபவன் அல்லன். என் மாணவர்கள் அப்பாட்டை என் காதுபடவே பாடினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.)

ராப் என்பது வெள்ளையர் நாட்டுக் கூத்து என்று பெரியவர்கள் சிலர் எண்ணுகிறார்கள். அது நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களிடையே பிறந்தது. 1973 ஆகஸ்ட்டு 11ஆம் நாள் ஓர் அடுக்கு வீட்டின் பொது அறையில் நடந்த விருந்தை அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் அமைப்பு தன் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெற்றது. எனவே அரக்கோணத்து இளைஞர் ராப் பாடுவது புதிய உறவு அன்று.

இனி அவருடைய பாட்டியாருக்கு வருகிறேன். வள்ளியம்மாள் என்பது அந்த அம்மையாரின் பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். இந்த வரலாறு நம் பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்களை ஏற்றிச் சென்றார்கள். அவருள் ஒடுக்கப்பட்ட மக்கள் ஏராளம். காடு திருத்தி மலையைப் பச்சையாக்கியவர்களை 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த மக்களிடம் ‘நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள்’ என்று யாரும் முதலில் கேட்கவில்லை.

இந்தப் பாட்டியாரின் நினைவிலிருந்து பிறந்ததே 2021 மார்ச்சு மாதம் வெளியான ‘என்ஜாய் என்சாமி’. தீ அவர்களும் அறிவு அவர்களும் பாடினர். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன் அவர்களுடையது. வெளியீடு ‘மாஜா’ என்னும் தனியிசை நிறுவனம். பல கோடி முறை கேட்கப்பட்ட பாட்டு அது. வயலும் மரமும் நாயும் சேவலும் மூதாதையும் வருகின்ற அந்தப் பாட்டைத் திருமண வீடுகளில் ஆடிக் களித்தோரில் எத்தனை பேர் அது தேயிலைத் தோட்டத்துக் கண்ணீர் என்று அறிந்திருப்பர்?

அந்த வெற்றியின் பின்னே நடந்ததைச் சொல்லவே நான் இவ்வளவு தூரம் வந்தேன். 2021 ஆகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ அவர்களின் படமும் ஷான் வின்சென்ட் டி பால் அவர்களின் படமும் வந்தன. அறிவின் படம் இல்லை. இரஞ்சித் அவர்கள் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பலரும் கேட்டனர். பின்னர் இணைய அட்டையொன்றில் அறிவின் படம் வந்தது. 2022 சூலை 28ஆம் நாள் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில் அப்பாட்டு ஒலித்தபோதும் அறிவு மேடையில் இல்லை. பாட்டை ஆக்கியதும் எழுதியதும் பாடியதும் தாமே என்று அவர் எழுதினார். இசை தம் ஆக்கம் என்றும் அது கூட்டு முயற்சி என்றும் சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார். 2024இலோ, இந்தப் பாட்டிலிருந்து தமக்குப் பணமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் அவர்களே அறிவித்தார். யார் கூற்று முற்றும் சரி என்று தீர்ப்பளிக்க நான் தகுதியுடையவன் அல்லேன். ஆயினும் கூடிச் செய்த வேலையில் எவருக்கு எது உரியது என்பது தொடக்கத்திலேயே தாளில் ஏறியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறுதி.

நம் பாட்டன்மார் பட்டா இல்லாமல் பயிரிட்டு நிலத்தை இழந்தார்கள். பேரப்பிள்ளைகள் பாட்டை அவ்வாறு இழக்கலாகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பாட்டில் சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, பாடுபவருக்கு ஓர் உரிமை எனத் தனித்தனியே உண்டு. எழுதி முடித்த கணமே சொல்லின் உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யவில்லை என்பதால் அது போவதில்லை. எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். எழுத்தில், கையொப்பத்தோடு அன்றி அதனை மாற்றிக் கொடுக்க முடியாது. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். 2012இல் வந்த திருத்தம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றது. ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளில், படித்துப் பார்க்காமல் கையெழுத்திடும் பிள்ளைக்கு இவை தெரிந்திருக்க வேண்டும். கல்வியும் முன்னேற்றமும் என்ற தலைப்பிலிருந்து நான் விலகிவிடவில்லை என்பது இப்போது குழுவினருக்கு விளங்கியிருக்கும்.

நம் சங்கத்திலேயே ஒரு கருத்து வேற்றுமை உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. பறையைத் தொடாதே, அது இழிவின் சின்னம் என்று சொல்லி வளர்த்த தலைமுறை எங்களுடையது. ஊரார் சாவுக்கு அடிக்க மறுத்ததே ஒரு போராட்டம்; அதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அம்மறுப்பை நான் இன்றும் வணங்குகிறேன். ஆனால் அதே பறை விரும்பி எடுக்கும் கையில் வேறாகிறது. மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது என் தந்தையார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன். விடை கிட்டவில்லை.

2024இல் அறிவு அவர்கள் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. தம்மை இன்னார் பேரன் என்று, அதுவும் ஒரு தோட்டத் தொழிலாளியின் பேரன் என்று, தலைப்பிலேயே எழுதிக்கொண்டார். உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். அவர் பேசும்போது கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள். நாளும் ஊரும் குறித்து வையுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன கடனை இப்போது தீர்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்குப் பாடவேளையில் மேசையில் தாளம் தட்டினான். ‘இதற்காகவா உன் தந்தை மூட்டை சுமக்கிறார்’ என்று எல்லோர் முன்னும் கேட்டேன். அவன் நோட்டையும் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். திருப்பிக் கேட்க அவன் வரவேயில்லை. சென்ற மாதம் அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு அகப்பட்டது. பதினோரு பாட்டுகள். சந்திப்பிழைகள் உண்டு; ஆனால் அவன் தாயார் கட்டட வேலைக்குப் போகும் காலைப்பொழுதைப் பற்றி எழுதியிருந்தது, என் முப்பதாண்டுப் பணியில் எந்த மாணவனும் எழுதாத கட்டுரை. ஒவ்வொரு பாட்டின் கீழும் தன் பெயரையும் நாளையும் எழுதியிருக்கிறான். நான் சொல்லிக் கொடுக்காமலே அவனுக்கு அது தெரிந்திருந்தது.

அந்த நோட்டை இன்று கொண்டுவந்திருக்கிறேன். அவனுடைய தம்பி பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். புன்னகைத்தவர்களுள் அவனும் ஒருவன். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து அதனை வாங்கிச் சென்று அண்ணனிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன் என்றும் அவனிடம் சொல்ல வேண்டும்.