இதயமும் சி.ஆர்.பி. பரிசோதனையும்

கொலஸ்ட்ரால் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மாரடைப்பு வந்துவிட்டது. இப்படிச் சிலரைப் பார்க்கிறோம், இல்லையா? அதற்கு ஒரு காரணம் அழற்சி. ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு, அழற்சியால் புண்ணாகி வெடிக்கும். அங்கே ரத்தம் உறையும். குழாய் அடைபடும்.

உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்கும். அதன் பெயர் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையில் தெரியும். நம் நாமக்கல் லாரி ஓட்டுநர்களுக்கு இது சட்டென்று புரியும். வண்டியில் எரியும் சிவப்பு விளக்கு மாதிரி. கோளாறு என்று சொல்லும். எங்கே என்று சொல்லாது.

சளிக்காய்ச்சல் வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். பல் ஈறு வீங்கினாலும் ஏறும். புகைபிடித்தாலும், தொப்பை போட்டாலும் ஏறும். இதயத்துக்கென்று நுட்பமான சி.ஆர்.பி. பரிசோதனை தனியாக உண்டு. காய்ச்சல் நன்றாக விட்ட பிறகு, மருத்துவர் சொன்னால் செய்துகொள்ளுங்கள்.

இந்த அழற்சியைத் தணிக்கும் மருந்து ஒன்றின் மூலப்பொருள் நம் பக்கத்திலேயே விளைகிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் பயிரிடும் கண்வலிக்கிழங்குதான் அது. பூத்தால் செங்காந்தள், நம் மாநில மலர். அதன் விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள். 2023-இல் அமெரிக்காவில், மிகக் குறைந்த அளவில், இதய நோயாளிகளுக்கு அதை அனுமதித்தார்கள். எல்லா ஆய்விலும் ஒரே பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துச் சாப்பிட்டுவிடாதீர்கள். அது கடுமையான விஷம்.