கிரிப்பில் பேர் விழுந்தால்
(உயிலங்குளத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. சொந்தக்காரர்கள் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். இதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் பிணைக் கையெழுத்துப் போட்டேன். மனுசன் முழுக் கடனையும் கட்டிட்டார். பிறகு நான் கடன் கேட்டுப் போனால், "உங்க பேர் கிரிப்புல இருக்கு"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க! தாமதக் கட்டணம்னு ஏதோ போட்டு, அதைச் சொல்லாமலே நிலுவையாக வைத்திருந்தார்கள்.

கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த கடன் தகவல் பணியகம். அது கறுப்புப் பட்டியல் இல்லை. ஒழுங்காகக் கட்டியவர் பேரும் அதில் இருக்கும். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கிதான். அடையாள அட்டையோடு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உங்கள் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். பிழை இருந்தால், கடன் தந்த நிறுவனம்தான் திருத்தி அனுப்பவேண்டும்.

ஆகவே கவுண்டரில் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. கடிதம் எழுதுங்கள். எந்தக் கட்டணம், எந்தத் திகதி, ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். பற்றுச்சீட்டின் பிரதியை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நான் அப்படித்தான் செய்தேன், கட்டணத்தை நீக்கிப் பதிவையும் திருத்தினார்கள். மூலச்சீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு முறையிடலாம். தொலைபேசி 1935. தமிழிலேயே பேசலாம்.

எழுதத் தெரியாதவர்கள் கொஞ்சம் இருங்கள். தாள் கொண்டுவந்திருக்கிறேன்.