பெரும் பக்கங்களும் சிறு தேவைகளும்



ஒரு பொருளைப் பலருக்குப் பகுத்துக் கொடுக்க வேண்டியவன் முன்னால் எப்போதும் ஒரு வினா நிற்கும்: எந்த அளவிற் பகுப்பது? காணியைப் பகுப்பவனுக்கும் நெல்லை அளப்பவனுக்கும் உள்ள இவ்வினா கணினிக்கும் உண்டு. அங்கே பகுக்கப்படுவது நினைவகம்; பகுப்பது பணிசெயல் முறைமையின் உட்கரு. ஏனைய மென்பொருள்கள் யாவும் அதனிடம் கேட்டே இடம் பெறுகின்றன. அது எந்த அளவாற் பகுக்கிறது, அந்த அளவைப் பெரிதாக்கினால் விளையும் நன்மை தீமைகள் யாவை என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

நினைவகத்தைச் சம துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் பக்கம் என்று வழங்கும் முறை, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரொம் கில்பேணும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய அற்லஸ் கணினியில் உருப்பெற்றது. அக்கணினி 1962 டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது. பின்னர் 1985 இல் வெளிவந்த இன்ரெல் 80386 செயலி, ஒரு பக்கத்துக்கு 4096 பைற்று, அதாவது 4 கிலோபைற்று என அளவு வகுத்தது. இன்று பரவலாக வழங்கும் ஒருங்குறி வடிவில் தமிழ்க் குறியொன்று மூன்று பைற்று கொள்ளும். ஆகவே அத்தகைய பக்கமொன்றில் ஏறத்தாழ 1365 குறிகள் அடங்கும். சிறு நூலொன்றின் ஒரு பக்கம் என்றே அதனைக் கொள்ளலாம்.

அக்காலத்தில் அது போதிய அளவாயிருந்தது. ஆனால் 8 கிகாபைற்று நினைவகமுள்ள இன்றைய கணினியொன்றை அவ்வாறு வகுத்தால், 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் உண்டாகும். இத்தனை பக்கங்களுள் வேண்டியதை எவ்வாறு கண்டுபிடிப்பது?

பெரிய நூலகமொன்றை எண்ணிக்கொள்ளுங்கள். நூல்கள் இருக்குமிடத்தைக் காட்டும் பட்டியல் உள் அறையிலே உண்டு. ஒவ்வொரு முறையும் அங்கே போய்ப் பார்ப்பது நேரத்தை விழுங்கும். ஆதலால் நூலகர், அண்மையில் தேடிய நூல்களின் இடங்களை மேசைமேலுள்ள சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். செயலியினுள்ளும் இத்தகைய குறிப்பேடொன்று உண்டு. அது மிக விரைவானது. ஆனால் மிகச் சிறியது. வேண்டிய முகவரி அதிலே இல்லாவிடின், பெரும்பாலான 64 பிற்றுக் கணினிகளில் நான்கு படி அட்டவணைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்ட வேண்டும். பெருந்தரவுகளைக் கையாளும் மென்பொருள்கள் தம் நேரத்தில் ஒரு பகுதியை இந்தப் புரட்டலிலேயே இழக்கின்றன.

இதற்குக் கண்ட பரிகாரமே பெரும் பக்கம். 512 சிறு பக்கங்களைச் சேர்த்து 2 மெகாபைற்று அளவுள்ள ஒரே பக்கமாகக் கொள்வது அது. குறிப்பேட்டில் 64 வரிகள் உண்டென வைத்துக்கொள்வோம். சிறு பக்கங்களாயின் அவை 256 கிலோபைற்று இடத்தையே காட்டும். பெரும் பக்கங்களாயின் 128 மெகாபைற்று இடத்தைக் காட்டும். அட்டவணையிலும் ஒரு படி குறையும். முன்னர் கூறிய 20 இலட்சம் பக்கங்கள் 4096 ஆகச் சுருங்கும்.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் பெரும் பக்கங்களாக்கிவிடலாமே என்று நேயர்கள் கேட்கக்கூடும். இங்கேதான் இடர் தொடங்குகிறது. கதிரையொன்று கேட்டு வந்த மாணவனிடம் மண்டபத்தின் திறப்பையே கொடுத்துவிட்டால், ஒரு கதிரை நிரம்பும். மற்றவை வெறுமையாய்க் கிடக்கும். வெளியே நிற்போர்க்கோ இடமில்லை. சில பைற்றுக்களே வேண்டிய மென்பொருளுக்கு 2 மெகாபைற்று கொடுப்பதும் அத்தகையதே. மேலும், பெரும் பக்கத்துக்குரிய இடம் இடையறாது தொடர்ந்திருத்தல் வேண்டும். கணினி நெடுநேரம் இயங்கியபின் வெற்றிடங்கள் அங்குமிங்குமாகச் சிதறிவிடும். அவற்றை ஒன்றுசேர்ப்பதற்கு உட்கரு பிறருடைய பக்கங்களை இடம்பெயர்க்கும்போது, வேலை செய்துகொண்டிருக்கும் மென்பொருள் காத்து நிற்க நேரிடும்.

இச்சிக்கலை லினக்ஸ் உட்கரு இரு வழிகளில் அணுகியது. முதலாவது வழி, முன்னதாகவே சில பெரும் பக்கங்களை ஒதுக்கி, கேட்போர்க்குக் கொடுப்பது. உறுதியான ஏற்பாடுதான், ஆனால் ஒதுக்கியதை ஒருவரும் பயன்படுத்தாவிடினும் பிறர் அதனைத் தொட இயலாது. இரண்டாவது வழி, அந்திரேயா ஆர்காஞ்செலி என்பார் ஆக்கி, 2011 மார்ச்சில் வெளியான 2.6.38 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. இதன்படி, மென்பொருள் கேளாமலே உட்கரு தானாகப் பெரும் பக்கம் வழங்கும். பின்னணியில் ஒரு பணியாள் சுற்றிவந்து, இயன்ற இடங்களில் சிறு பக்கங்களைத் திரட்டிப் பெரும் பக்கமாக்குவான். தேவை நேர்ந்தால் அதனை மீண்டும் பிரிக்கவும் வழியுண்டு.

கேளாமற் செய்யும் உதவி எல்லோர்க்கும் உதவியாவதில்லை. ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருள், தன் தரவைப் படியெடுத்துச் சேமிக்கும்போது தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். பக்கங்களை இருவரும் பொதுவில் வைத்திருப்பர். ஒருவர் ஓரிடத்தை மாற்றினால் அந்தப் பக்கம் மட்டும் படியெடுக்கப்படும். சிறு பக்கமாயின் 4 கிலோபைற்றோடு வேலை முடியும். பெரும் பக்கமாயின், ஒரேயொரு பைற்றை மாற்றினாலும் 2 மெகாபைற்றையும் படியெடுக்க வேண்டியதாக முன்னர் இருந்தது. ஆதலால் ரெடிஸின் ஆவணங்கள் இவ்வசதியை நிறுத்திவைக்குமாறு அறிவுறுத்தின. கணிப்பு வேலைகள் பலவற்றை விரைவுபடுத்திய அதே வசதி, இங்கே தாமதத்துக்குக் காரணமாயிற்று.

அதனாலேயே லினக்ஸ் மூன்று நிலைகளை வகுத்துள்ளது: எப்போதும் கொடுப்பது, கேட்டவர்க்குக் கொடுப்பது, ஒருபோதும் கொடாதிருப்பது. நடுவிலுள்ள நிலையே நியாயமானது என்பது என் கருத்து. தன் தேவையை அறிந்தவன் வாய்திறந்து சொல்வதற்கு அது இடமளிக்கிறது. ஆயினும் பெரும்பாலான மென்பொருள்கள் கேட்கத் தெரியாதவை என்பதையும் மறுத்தற்கில்லை. கேளாதவனுக்கும் கொடுப்பதாயின், கொடுத்தது பயன்பட்டதா என்று பின்னர் அளந்து பார்க்கும் பொறுப்பும் கொடுப்பவனுக்கு உண்டு.

இன்னொரு நடுவழியும் இப்போது திறந்துள்ளது. நம்மவர் பலரது கைத்தொலைபேசிகளில் உள்ள அன்ட்ரொயிட் முறைமை லினக்ஸ் உட்கருவையே அடிப்படையாகக் கொண்டது. 2024 இல் வெளியான அதன் 15 ஆம் பதிப்பு, 16 கிலோபைற்றுப் பக்கங்களையும் ஏற்கும் வகையில் அமைந்தது. நான்குக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையே ஓர் அளவு!

நேயர்களே, அளவைப் பெரிதாக்கினால் கணக்கு வைப்பவனுக்கு இலகு. சிறிதாக்கினால் பெறுபவனுக்குப் பொருத்தம். எல்லோர்க்கும் எந்நாளும் ஏற்ற ஒரே அளவு, அற்லஸ் பிறந்து அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் கண்டறியப்படவில்லை. சேர்க்கவும் பிரிக்கவும் ஆயத்தமாயிருப்பதே இதுகாறும் கண்ட வழி. பகுத்துக் கொடுக்கும் பொறுப்பில் உள்ளோர் யாவர்க்கும் இது பொருந்தும்.