பின்னணி இசையைத் தனித்துக் கேட்டல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இசையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி உண்டு என்று தாங்கள் எண்ணலாம். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும், அதுவும் இருபது ஆண்டுகள் பொறுமையாகக் கேட்டுப் பழகியதால் வந்தது. அந்த ஒரு துணிவோடுதான் இம்மேடையில் நிற்கின்றேன்.

சென்ற ஆண்டு விழாவில் நிகழ்ந்ததைச் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். இடைவேளைக்கு முன் பத்து நிமிடம் திரைப்படப் பின்னணி இசையை மட்டும் ஒலிக்கச் செய்ய நான் ஏற்பாடு செய்திருந்தேன். இதோ பாட்டு வரும், அதோ வரும் என்று சற்று நேரம் காத்திருந்த அவையினர், பாட்டு வரப்போவதில்லை என்று கண்டதும் போண்டா இருக்கும் திசை நோக்கி எழுந்துவிட்டனர். அதில் எனக்கு வருத்தமில்லை. போண்டாவும் நன்றாகவே இருந்தது. ஆனால், பின்னர் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இதில் சொல்லே இல்லையே! சொல் இல்லாத இடத்தில் தமிழ் எங்கே இருக்கிறது? தமிழ்ச் சங்க மேடையில் இதற்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்கு விடை தோன்றவில்லை. ஓராண்டு எண்ணிப் பார்த்து, இன்று என்னால் இயன்றதைக் கூற வந்திருக்கின்றேன்.

நாம் பாட்டில் ஊறிய மக்கள். திரைப்படம் என்றாலும் பாட்டைத்தான் வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றோம். எனினும், சொல்லற்ற இசையை நாம் அறியாதவர்கள் அல்லர். திருவிழாவில் நாகசுரக்காரர் இரவெல்லாம் இராக ஆலாபனை செய்தபோது, சாகித்தியம் எங்கே என்று எவரும் கேட்டதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் வாத்தியங்கள் இசைந்த முறையை வரிசையாகச் சொல்கின்றார்: குழலின் வழியே யாழ், யாழின் வழியே தண்ணுமை, தண்ணுமையின் வழியே முழவு, முழவோடு ஆமந்திரிகை. ஒன்றன்பின் ஒன்றாக வாத்தியங்கள் வந்து சேர்ந்து ஓர் உருவம் பெறுவதைக் காதால் தொடர்வதற்கு அன்றைய அவையோர் பழகியிருந்தனர்.

நாம் வாழும் இத்தில்லி மாநகருக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1952ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி இங்கே 'வாத்திய விருந்தா' என்னும் வாத்தியக் குழுவை நிறுவியது. இந்துஸ்தானிப் பகுதியை ரவிசங்கரும், கர்நாடகப் பகுதியை நம்மவரான டி. கே. ஜயராம ஐயரும் நடத்தினர். வேடிக்கை என்னவெனில், பி. வி. கேஸ்கர் அமைச்சராக இருந்த அதே காலத்தில்தான் திரைப்பாடல்கள் வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. 1957இல் விவித் பாரதி தோன்றிய பிறகே அவை மீண்டன. திரையிசை வேறு, மேடையிசை வேறு என்று அரசாங்கம் பிரித்தது. இசைவாணர்கள் அவ்வாறு பிரிக்கவில்லை. வானொலியில் பணியாற்றிய ரவிசங்கரே 1955இல் வெளிவந்த 'பாதேர் பாஞ்சாலி'க்குச் சுமார் பதினொரு மணி நேரத்தில், ஒரே அமர்வில் பின்னணி இசை அமைத்துக் கொடுத்தார். சென்னை ஜெமினி படக்கூடத்தில் பணியாற்றிய வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரி, பின்னாளில் தில்லிக்கு வந்து இவ்வாத்தியக் குழுவை நடத்தினார்.

ஜெமினி என்றதும் 'சந்திரலேகா' (1948) நினைவுக்கு வருகின்றது. எஸ். ராஜேஸ்வர ராவ் இசையமைத்த அப்படத்தின் பாடல்களில் எத்தனை இன்று நம் நாவில் நிற்கின்றன? முரசு நடனத்தையோ எவரும் மறக்கவில்லை.

இனி, பின்னணி இசை உருவாகும் விதத்தைச் சிறிது பார்ப்போம். படச்சுருள் இருந்த நாட்களில் ஆயிரம் அடிச் சுருள் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். இசையமைப்பாளர் அதனைத் திரையிட்டுப் பார்ப்பார். எவ்விடத்தில் இசை தொடங்க வேண்டும், எவ்விடத்தில் நிற்க வேண்டும், எவ்விடத்தில் மௌனமே போதும் என்று முடிவு செய்வார். பின்னர் ஒவ்வொரு வாத்தியத்திற்கும் தனித்தனியே குறிப்பு எழுதுவார். காட்சி நாற்பது வினாடி என்றால் இசையும் நாற்பது வினாடியே. பாட்டிற்குப் பல்லவி உண்டு, சரணம் உண்டு, மூச்சுவிட இடமும் உண்டு. இதற்கு அவை இல்லை. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டிய வண்டி இது. எங்கள் வண்டிகளைச் சொல்லவில்லை!

இக்கலையில் இளையராஜா அவர்களைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, 1976இல் 'அன்னக்கிளி'யோடு தொடங்கியவர். அவருடைய இசையில் தில்லிவாழ் தமிழர்கள் முதலில் கேட்க வேண்டியது 'மௌன ராகம்' (1986) என்பது என் எண்ணம். மணமாகித் தில்லிக்கு வந்த பெண் ஒருத்தி. புதிய வீடு, புதிய ஊர், பேசத் தெரியாத மொழி, மனம் ஒட்டாத கணவன். இருவரும் பேசிக்கொள்வதே அரிது. அவர்கள் பேசாததை எல்லாம் இசை பேசுகின்றது. ஒரு சிறு இசைத்தொடர் படம் நெடுகத் திரும்பத் திரும்ப வருகின்றது; ஆனால் இருமுறை ஒரே பொருளில் வருவதில்லை. இறுதியில் இரயில் நிலையத்தில் வண்டி புறப்பட, கணவன் துரத்திக்கொண்டு ஓடி வந்து ஏறுகின்றான். ஓடும் வண்டியில் ஏறுவது குற்றம் என்பதை இரயில்வே ஊழியன் என்ற முறையில் நினைவூட்டக் கடமைப்பட்டுள்ளேன். எனினும், கண்ணை மூடிக்கொண்டு அவ்விடத்தைக் கேளுங்கள்.

அதே 1986இல் அவர், படம் எதுவும் இன்றி, கேட்பதற்கென்றே 'ஹவ் டு நேம் இட்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும், ஜெர்மானிய மேதை பாஹுக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். 1988இல் ஹரிபிரசாத் சௌரசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழு அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனியை இசைத்தது. திரைக்கு எழுதிப் பழகிய கை, திரையை விலக்கிவிட்டு எழுதியது. உலகில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. ரஷ்யாவின் புரோகோஃபியேவ், 'அலெக்சாண்டர் நெவ்ஸ்கி' (1938) படத்திற்கு அமைத்த இசையை மறு ஆண்டே மேடையில் நிகழ்த்தும் தனிப் படைப்பாக மாற்றி அமைத்தார்.

எல்லாப் பின்னணி இசையும் தனித்துக் கேட்கத் தக்கதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நகைச்சுவை நடிகர் வழுக்கி விழும்போது எழும் ஒலி அவ்விடத்தோடு சரி. கதாநாயகன் நடந்து வரும்போதெல்லாம் நாற்காலி அதிர முழக்குவதை வீட்டில் கேட்டால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுவர். காட்சி நீங்கிய பின்னும் எது நிற்கின்றதோ அதையே தேட வேண்டும். அதற்கு வழி, முதன்முறை எதையும் ஆராயாமல் கேட்பது. அடுத்த முறை வயலினை விட்டுவிட்டு, அடியில் நடந்து செல்லும் கனத்த குரலை மட்டும் பின்தொடர்வது. வீட்டின் அடித்தளம் எங்கே இருக்கின்றது என்பது அப்போது புலனாகும்.

ஆனால் தேடினால் கிடைக்கிறதா என்பதுதான் துயரம். பாடல்கள் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வந்து வீடுதோறும் பாதுகாக்கப்பட்டன. பின்னணி இசையோ பெரும்பாலும் தனியே வெளியிடப்படவில்லை. உரையாடலோடும், கதவு சாத்தும் ஓசையோடும் கலந்தே படத்தில் கிடக்கின்றது. இரசிகர்கள் பேச்சில்லாத இடங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டி எடுத்து வைத்திருப்பதே இன்று நமக்குப் பெரிதும் கிட்டுகின்றது. 'பழசிராஜா'வின் பின்னணி இசைக்கும், 'தாரை தப்பட்டை'யின் பின்னணி இசைக்கும் அவருக்குத் தேசிய விருது அளித்தார்கள். விருது பெற்ற இசையையாவது முழுமையாகத் தனியே கேட்க வேண்டும் என்று நாம் கேட்டோமா? கேட்பார் இல்லாத பொருளை எந்தக் கடைக்காரர் வாங்கி வைப்பார்?

நண்பரின் கேள்விக்கு வருகின்றேன். என் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் பாட்டில் வரும் சொற்கள் பாதி அவளுக்கு விளங்குவதில்லை. "அப்பா, இதற்கு என்ன பொருள்?" என்பாள். நான் பொருள் சொல்லி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும். நாளடைவில் கேட்பதையே நிறுத்திவிட்டாள். எனக்கு அது பெருங்கவலையாக இருந்தது. ஒரு குளிர்கால இரவு, நான் 'மௌன ராகம்' இசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கணக்குப் பாடத்தை மூடி வைத்துவிட்டு அருகில் வந்து அமர்ந்தாள். பொருள் கேட்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "முன்னே வந்ததே திரும்பவும் வருகிறது, அப்பா, ஆனால் இப்போது அழுதுவிட்டு வருகிறது" என்றாள். அது எந்தப் படம், கதை என்ன என்று அதன் பின்னரே கேட்டாள். படத்தைப் பார்த்தாள். படத்தின் பாடல்களுக்கு வந்தாள். இப்போது சொற்களுக்குப் பொருள் கேட்கத் தொடங்கியிருக்கின்றாள்.

அந்த இசையில் தமிழ் எங்கே இருக்கின்றது என்று விரல் வைத்துக் காட்ட இன்றும் எனக்குத் தெரியாது. என் வீட்டில் அது எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டேன்.

இப்போது மூன்று பகுதிகள் ஒலிக்கும். மொத்தம் 12 நிமிடம். இரண்டாவதில் நடுவே ஓரிடத்தில் வேற்றொலி கேட்கும். வெட்டி எடுத்தவரால் அதை நீக்க முடியவில்லை, பொறுத்தருள்க. போண்டாவை அதுவரை சூடாகவே வைத்திருப்பதாகச் சமையற்காரர் எனக்கு வாக்களித்திருக்கிறார். அரங்கப் பொறுப்பாளர் அவர்கள் விளக்குகளைச் சற்றுக் குறைக்குமாறு வேண்டுகின்றேன்.