ஊரில் எந்தப் பக்கம்?

(ஓசூரில் நடந்த தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் ஞாயிறு ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சாதி ஒழிப்பு சைக்கிள் பயணம் போகிறோம். முதல் நாள் சனிக்கிழமை ஓசூரை நடந்தே சுற்றவேண்டும் என்று நான் சொன்னேன். "ஐம்பது கிலோமீட்டர் மிதிக்கப் போகிறவர்களை எதற்கு நடக்கவைத்துச் சோர்வாக்க வேண்டும்?" என்று தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒசாகாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜப்பான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இயந்திரம்தான். 1980களில் சுசுகி கூட்டோடு ஓசூரில் மோட்டார் சைக்கிள் செய்த காலத்திலிருந்து பழக்கம். கைசென், ஐந்து எஸ் என்று நமக்கு எத்தனை வகுப்பு எடுத்திருப்பார்கள்! அந்த நாட்டிலும் பிறப்பால் இழிவுபடுத்தப்பட்ட மக்கள் உண்டு என்று ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை.

நண்பர்களோடு ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை சைக்கிளில் போகத்தான் அங்கே போனேன். தீவுகளைப் பாலங்களால் இணைத்த பாதை, சுமார் 70 கி.மீ. சாலையோரம் நீலக்கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டைப் பிடித்தால் போதும், யாரிடமும் வழி கேட்கவே வேண்டாம். அதற்கு முன் இரண்டு நாள் ஒசாகாவில் கையில் இருந்தது. நான் நடந்தேன்.

ஷின் இமாமியா நிலையத்துக்குப் பக்கத்தில் காமகசாகி என்றொரு பகுதி. கட்டட வேலைக்குத் தினக்கூலிகளை ஆள் பிடித்த இடம். ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு அறைகள். நம் லைன் வீடுகளைப் பார்த்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. அங்கிருந்து மேற்கே அரை மணி நேரம் நடந்தால் நானிவா வட்டாரம், அஷிஹாராபாஷி நிலையம். தெருவோரம் எங்கும் முரசு வடிவங்கள், முரசு அடிப்பவர் சிலைகள். பழைய வதனபே கிராமம் இதுதான். செத்த மாட்டின் தோலை உரித்துப் பதப்படுத்தி, முரசு கட்டிய மக்களின் ஊர். அவர்களை புராகு மக்கள் என்கிறார்கள். நிறம், மொழி, மதம், முகம் எதிலும் மற்ற ஜப்பானியரிடமிருந்து வேறுபாடு கிடையாது. ஊர்தான் வேறு.

நம் பறையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். நம்மை அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்கள். அங்கே இவர்கள் செய்து கொடுக்க, கோயில் விழாக்களில் மற்றவர்கள் அடித்தார்கள். 1987இல் இந்த வட்டாரத்து இளைஞர்கள் தாங்களே ஒரு முரசுக் குழு தொடங்கினார்கள். பெயர் 'இகாரி'. கோபம் என்று பொருள். இந்தத் தெருவை அந்த மக்களே ஊரறிய அமைத்ததால்தான் பெயர் சொல்லிப் பேசுகிறேன். இப்படிப்பட்ட மற்ற ஊர்களின் பெயரைச் சொல்லமாட்டேன். ஏன் என்பதற்குத்தான் வருகிறேன்.

1871இல் மெய்ஜி அரசு இழிபெயர்களை ஒழித்து ஆணையிட்டது. சட்டப்படி எல்லோரும் சமம். அடுத்த ஆண்டு எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் 'புதிய குடிமக்கள்' என்று எழுதி அடையாளத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அந்த மக்கள் 'சுய்ஹேய்ஷா' என்ற தங்கள் சொந்த அமைப்பைத் தொடங்கிப் போராடினார்கள். போராட்டம் வேலை விண்ணப்பம் வரைக்கும் போனது. 1973இல் பள்ளி முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே படிவம் வந்தது. குடும்பத்தையும் பூர்வீகத்தையும் துருவும் கேள்விகள் படிப்படியாக நீக்கப்பட்டன.

முன்வாசலை அடைத்தாயிற்று. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1975இல் ஒரு ரகசியப் புத்தகம் அம்பலமானது. நாடு முழுவதும் உள்ள புராகு ஊர்களின் பெயர், இருக்கும் இடம், வீடுகளின் எண்ணிக்கை, முக்கியத் தொழில் எல்லாம் அதில் இருந்தன. துப்பறியும் ஆட்கள் தொகுத்து விற்றார்கள். 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன. விண்ணப்பத்தில் உள்ள முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். ஆணை போட்டு 104 ஆண்டுகள் ஆன பிறகு! 1985இல் ஒசாகா மாகாணம் இப்படித் துப்பறிவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு நானிவாவில் திறந்த மனித உரிமை அருங்காட்சியகம், மானியம் வெட்டப்பட்டு, 2020இல் மூடப்பட்டுவிட்டது.

இப்போது ஓசூருக்கு வருவோம். இங்கே அந்தப் புத்தகம் தேவையே இல்லை. ஜூஜூவாடியிலிருந்து மத்திகிரி வரை 'வாடகைக்கு' என்று பலகை தொங்கும் வீடுகளில் ஏறி இறங்கிப் பாருங்கள். "எந்த ஊர்ப்பா?" என்பார்கள். சொன்னதும், "ஊர்ல எந்தப் பக்கம்?" அவ்வளவுதான், பட்டியல் முடிந்தது. என்னிடம் ஒரு கான்ட்ராக்டர் ஆதார் அட்டையை வாங்கி, 'காலனி' என்ற சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே பேசினார். எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போனாலும் 'ஹொலகேரி' என்று கன்னடத்தில் அதே வேலை நடக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு மொழி புழங்கும் ஊர் இது. இந்தக் கேள்வி மட்டும் எல்லா மொழியிலும் இருக்கிறது.

நகரத்துக்கு வந்தால் சாதி தொலையும் என்று நம்பித்தான் நம் பிள்ளைகள் வருகிறார்கள். 2018இல் சூடகொண்டப்பள்ளியைச் சேர்ந்த காதல் இணையர் சாதி மறுத்து மணந்துகொண்டு ஓசூரில்தான் குடியிருந்தார்கள். இங்கிருந்துதான் கடத்திக்கொண்டு போனார்கள். நவம்பரில் கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் பக்கம் காவிரியில் உடல்கள் கிடைத்தன.

'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பெயரை மாற்றினாலும் பழைய பெயரை நினைவில் வைத்திருக்க ஆள் இருக்கிறான் என்பதற்கு ஒசாகாவே சாட்சி. ஆகவே கேள்வியைத் தடுக்கவேண்டும். கான்ட்ராக்டர் படிவத்தில் பூர்வீக முகவரி எதற்கு? சம்பளம் போட வங்கிக் கணக்கு போதாதா? இதை நம் துண்டறிக்கையின் முதல் கோரிக்கையாக வைக்கவேண்டும் என்பது என் கருத்து. வாடகை வீட்டுக்கு என்ன செய்வது என்பதையும் பேசவேண்டும், அது இதைவிடக் கடினம்.

சேரிக்காரன் ஊர்த்தெருவில் சைக்கிளைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று வைத்திருந்த நாடு இது. அதனால் சைக்கிளில் ஏறிப் போவதே நமக்கு அரசியல்தான். ஆனால் நெடுஞ்சாலையில் மிதித்துக்கொண்டு போனால் சூளகிரி மேம்பாலம் தெரியும், இந்தக் கேள்வி காதில் விழாது. சனிக்கிழமை இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒருவர் வீடு கேட்கட்டும், மற்றவர் என்ன கேட்டார்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதட்டும். வீட்டுக்காரர் பெயரோ கதவு எண்ணோ வேண்டாம். காலை 7 மணிக்கு ஜூஜூவாடியில் தொடங்குகிறோம்.