அடுப்படிப் புகையும் நமது சுவாசமும்



காற்று மாசு என்றதும் கொழும்பு நகரத்து வாகனங்களும் டில்லிப் பட்டணத்துப் புகைமூட்டமுமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றுகின்றன. வாவி ஓரத்தில் கடற்காற்று வாங்கி வாழும் மட்டக்களப்பாருக்கு அந்தக் கவலை எதற்கு என்பது பலரது எண்ணம். மாலை வேளையில் கல்லடிப் பாலத்தில் நிற்பவருக்கு அவ்வாறு தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பாலத்திலே நாம் நிற்பது அரைமணி நேரம். குசினியிலே நம் தாய்மார் நிற்பது அரைநாள். ஆகவே அடுப்புப் புகையைப் பற்றியே இன்று அதிகம் பேச எண்ணுகிறோம்.

முதலில் இத்தூசு எத்தகையது என்று பார்ப்போம். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரோன். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்கிரோன். தெருப் புழுதியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் அகப்பட்டு, தும்மலோடும் சளியோடும் வெளியேறிவிடும். 2.5 மைக்கிரோனிலும் சிறிய துகள்களோ சுவாசப்பையின் கடைசி நுண்ணறை வரை செல்லக்கூடியவை. அவற்றுள்ளும் மிக நுண்ணியவை இரத்தத்திலே கலந்துவிடும். விறகும் வைக்கோலும் குப்பையும் எரியும்போது எழும் புகையில் இருப்பவை பெரும்பாலும் இச்சிறு துகள்களே.

உட்சென்ற துகள் அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. குழந்தைக்கு நிமோனியாக் காய்ச்சல் வர இது ஏதுவாகும். முட்டு வருத்தம் உள்ளவருக்கு முட்டு கூடும். புகைக்கும் இருதயத்துக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்பர். உறவு மிகவும் நெருக்கமானது. வெளிக்காற்று மாசினால் 2019ஆம் ஆண்டில் உலகில் நேர்ந்த அகால மரணங்களில் நூற்றுக்கு 68, இருதய நோயாலும் பாரிசவாதத்தாலும் நேர்ந்தவை என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காற்றிலுள்ள துகள் மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் 2013இல் சர்வதேச அறிஞர் குழுவினால் முடிவு செய்யப்பட்டது. 1952 டிசம்பரில் லண்டன் மாநகரை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகையினால் 4,000 பேர் மாண்டனர் என அன்று கணக்கிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் அத்தொகையை 12,000 வரை உயர்த்தின.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நூற்றுக்குச் சுமார் 78 வீடுகளில் விறகே எரிபொருளாக இருந்தது. 2022இல் எரிவாயு தட்டுப்பாடான போது, விறகை விட்டிருந்த வீடுகள் பலவும் மீண்டும் அதற்கே திரும்பின. அரைகுறையாகக் காய்ந்த விறகும் பொச்சுமட்டையும் புகைய, இடுப்பிலே குழந்தையோடு ஊதுகுழலை ஊதும் தாயை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பெரியவரைவிட வேகமாக மூச்சு வாங்குவது குழந்தை. வீட்டுப் புகையினால் 2020இல் உலகில் இறந்தோர் 32 இலட்சம் பேர். அவர்களில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட சிறார். கண்புரைக்கும் நிறை குறைந்த பிள்ளை பிறப்பதற்கும் இப்புகை ஒரு காரணம்.

மண்டபத்துக்கு நாலு சன்னல் வைப்பவர் குசினிக்கு ஒன்றோடு நிறுத்திவிடுவது நம் ஊர் வழக்கம். ஆண்பிள்ளைகள் அடுப்படிக்குப் போகாததன் பயன் இது! எதிரெதிராக இரு சன்னலும் புகைக்கூடும் இருந்தால் புகையின் பெரும்பங்கு வெளியேறும். ‘அனகி’ மண்ணடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆயினும் அதற்குப் புகைக்கூடு இல்லை, சன்னல் வேண்டியதே. மாரி தொடங்குமுன் விறகை வெட்டிக் கூரையின் கீழ் அடுக்குவது வாலிபர் செய்யக்கூடிய வேலை.

வாவிக்கரை வாசிகளுக்கு நுளம்பும் ஒரு தொல்லை. ஒரு நுளம்புச்சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமன் என 2003இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. பிள்ளைக்குச் சிகரெட் கொடுப்போமா? நுளம்பு வலையே மேல். பூட்டிய சாமி அறையில் மணிக்கணக்காகச் சாம்பிராணி போடுவோரும் கதவைத் திறந்துவைத்தல் நலம். பக்திக்கு அதனால் குறைவு வராது.

வெளியிலே கச்சான் காற்று இருக்கிறது. சிறுபோக வெள்ளாமை வெட்டும் காலமும் கச்சான் வீசும் காலமும் ஒன்றே. படுவான்கரை வட்டைகளில் வைக்கோலுக்கு வைத்த தீயின் புகை, வாவியைத் தாண்டி எழுவான்கரை வீடுகளுக்குள் புகுவதற்கு அக்காற்றே தேர். அக்காலத்தில் சூடடித்த வைக்கோல் களத்தில் ஓரிடத்தில் குவிந்து மாட்டுக்கு உதவிற்று. இப்பொழுது வெட்டும் இயந்திரம் அதனை வயல் முழுவதும் பரப்பிவிடுகிறது. அள்ளக் கூலி கொடுக்க முடியாத கமக்காரர் நெருப்பை நாடுகிறார். அவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

தூரத்துக் காற்றும் நம்மை விடுவதில்லை. 2022 டிசம்பரில் ‘மண்டௌஸ்’ புயல் வங்கக் கடலில் நின்றபோது இந்தியப் பக்கத்து மாசு இங்கே வந்து சேர்ந்தது. 9ஆம் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்புயலை நாம் தடுக்க இயலாது. வைக்கோல் விடயம் அப்படியன்று. அதை மடித்து உழுதால் அதிலுள்ள பொட்டாசியம் வயலுக்கே திரும்பும். அடுத்த சிறுபோகத்தில் வெட்டும் இயந்திரம் வட்டைக்குள் இறங்குமுன், நம் வாலிபர் நாலு பேர் கமக்காரரிடம் சென்று, எவர் வைக்கோலை எவர் மாட்டுக்காரர் ஏற்றிச்செல்வது என்று பேசி எழுதிவைக்கலாம். உழவு இயந்திரப் பெட்டி உள்ளவர்கள் இக்கூட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள்.